வைத்தியர்கள் ஈயப் பெட்டியில் இருக்கிறார்கள்

மரியாதைக்குரிய மூத்த ஓரகத்தி விடோசாவா அக்காவுக்கு, உங்கள் கொழுந்தன் தோமாவின் மனைவி டோப்ரிலா எழுதுவது.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் என்னை வெளியே விட அந்தக் கதவு திறந்தபோது அங்கே இருந்தவர்கள் இவர்கள். என் மகன் நெனாத், கார்ச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு. அவன் மனைவி யெலிட்சா, கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு. அவர்கள் மகள் துன்யா, ஆறு மாத வயிற்றோடு, வரக்கூடாது என்று சொல்லியும் வந்து, வெளியே கார் நிறுத்துகிற இடத்தில். நர்ஸ் போர்கா. கதிர்வீச்சை அளக்கிற கருவியைப் பிடித்துக்கொண்டு ஓக்னென் என்கிற பொறியாளர்ப் பையன். எனக்கு அடுத்து அந்த அறைக்குள் போக வேண்டிய ஸ்மில்யா என்ற பெண், மடியில் பையோடு நாற்காலி நுனியில். பிறகு நம் வீட்டுப் புனித வைத்தியர்கள் குஸ்மானும் தம்யானும், படத்தில். ஒருவரையும் விடவில்லை. நீங்கள் அங்கே இல்லை. அதையும் மனதில் குறித்து வைத்திருக்கிறேன்.

இங்கே எல்லோரும் நலம், என்னைத் தவிர. அங்கேயும் எல்லோரும் நலம் என்று கேள்விப்பட்டேன், உங்களைத் தவிர. திராட்சை நன்றாகக் காய்த்திருக்கிறது, ப்ளம் மரங்களை ஆலங்கட்டி மழை அடித்துவிட்டது, செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. விசாரிக்க வேண்டிய மரியாதை எல்லாம் விசாரித்தாயிற்று.

உங்கள் மகன் என் மகனிடம் போனில் சொன்னானாம். எனக்குக் கழுத்தில் வந்த அதே புற்று உங்களுக்கும் வந்து, என்னைப் போலவே அறுத்து எடுத்து, மிச்சம் மீதியை உள்ளேயிருந்தே எரிப்பதற்கு அந்தக் கதிர் மாத்திரையை விழுங்க வேண்டும் என்று டாக்டர்கள் சொல்லியிருக்கிறார்களாம். விழுங்கினால் பிழைப்பீர்கள், விட்டால் அது பரவும் என்று வெளிப்படையாகவே சொன்னார்களாம். நவம்பர் முதல் திங்கட்கிழமைக்கு அறையும் போட்டாயிற்றாம். நீங்கள்தான் போகமாட்டேன் என்கிறீர்களாம். டோப்ரிலா போய்வந்து இருட்டில் மின்னுகிறாள் என்று சந்தையில் யாரோ சொன்னார்களாம், தொழுநோய்க்காரி மாதிரி பூட்டி வைக்கப்படுவதற்குப் பதில் என் கட்டிலிலேயே செத்துப்போகிறேன் என்று நீங்கள் சொன்னீர்களாம். நமக்குள் ரத்த சம்பந்தம் கிடையாது, இருவருக்கும் ஒரே நோய் வந்தது தற்செயல் என்கிறார் டாக்டர். அவர் நம் மாமியார் சமையலைச் சாப்பிட்டதில்லை. எப்படியோ, உங்களைப் போ என்று சொல்ல நான் இந்தக் கடிதத்தை எழுதவில்லை. நான் சொல்லி நீங்கள் எதைக் கேட்டிருக்கிறீர்கள். யெலிட்சா ஊர் முழுக்க இந்தக் கதையைத் தப்பாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள், சரியானபடி ஒருவருக்காவது தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் மாத்திரையை நிறுத்தினார்கள். தைராய்டு சுரப்பியை எடுத்த பிறகு தினமும் காலையில் ஒரு பொடி வெள்ளை மாத்திரை கொடுப்பார்களே, உடம்பை ஓட்டுவதே அதுதான். சில வாரம் அதை நிறுத்தினால்தான் உடம்பு அயோடினுக்குப் பசித்துக் கிடக்குமாம், அப்புறம் கதிர் ஏற்றிய அயோடினைக் கொடுத்தால் நாய் எலும்பைக் கவ்வுகிற மாதிரி கவ்வுமாம். பசிக்க வைப்பது என்று முடிவு செய்தவர்கள் அதோடு விடுவார்களா. பால் கூடாது, பாலாடைக்கட்டி கூடாது, முட்டை கூடாது, மீன் கூடாது, அயோடின் சேர்த்த உப்பு கூடாது. கடையில் விற்கிற உப்பு எல்லாமே அயோடின் சேர்த்தது, ஆகவே உப்பே கிடையாது. உப்பில்லாத பீன்ஸ் சூப்பை நீங்கள் சாப்பிட்டிருக்கிறீர்களா. சாப்பிட்டிருப்பீர்கள், நீங்கள் சமைத்ததை நீங்களும் சாப்பிட்டுத்தானே ஆக வேண்டும். யெலிட்சா இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து டாக்டர் சொன்ன எதையும் இவ்வளவு சந்தோஷமாகச் செய்ததில்லை.

"யெலிட்சா, ஒரு துண்டு பாலாடைக்கட்டி. நகம் அளவு."

"டாக்டர் கூடாதுன்னுட்டார், அத்தை."

"நகம் அளவுதான் கேக்கறேன்."

"நகம் அளவும் கூடாது."

"நான் செத்தப்புறம் வாயில வைப்பியா?"

"அப்ப வைக்கறேன். அப்ப எவ்வளவு வேணும்னாலும் வைக்கறேன், அத்தை."

ஆகஸ்ட் மாத வெயிலில் நாய் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு கிடக்க, நான் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு நடுங்கினேன். முகம் உப்பிவிட்டது. கால் பாறாங்கல்லாகக் கனத்தது. குரல் இறங்கி இறங்கி ஆண் குரலாகிவிட்டது; பக்கத்து வீட்டு ஸ்டோயான்கா போன் செய்தபோது நான் "யாரு?" என்றேன், என் தோமாவே கல்லறையிலிருந்து எழுந்து பேசுகிறார் என்று நினைத்துப் போனைக் கீழே போட்டுவிட்டு மெழுகுவர்த்தி ஏற்றப் போய்விட்டாள். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. மாத்திரை திரும்பக் கொடுத்ததும் சரியாகிவிடும் என்றார்கள், ஆயிற்று. ஆனால் ஒரு நாள் காலையில் நடந்ததைச் சொல்கிறேன், அது என்னை நிஜமாகவே பயமுறுத்தியது.

கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தேன். கோழிக்குத் தீனி போடுகிற நேரம் உங்களுக்கென்று நான் ஒதுக்கி வைத்த நேரம், இத்தனை வருஷமும் அப்படித்தான். விடோசாவா என்று நினைத்தேன், கோபம் வழக்கம்போல வந்தது. ஆனால் எதற்குக் கோபம் என்பது வரவில்லை. கையில் மக்காச்சோளத்தோடு நின்றுவிட்டேன். சமையலறைக்குப் போய்த் தேடினேன், படுக்கையில் உட்கார்ந்து தேடினேன். ஒன்றுமே இல்லை, துடைத்துப் போட்ட மாதிரி. என் பெயரை மறந்திருந்தால்கூட இவ்வளவு கலங்கியிருக்க மாட்டேன். மதியம் யெலிட்சா துவைத்த துணியைக் கொடியில் போட்டாள், அதில் ஒரு பச்சைத் துணி இருந்தது, அதைப் பார்த்ததும்தான் எல்லாம் திரும்பி வந்தது.

பச்சைத் தலைக்குட்டை. மாமனார் இறந்து, நீங்களும் ராடிசா அத்தானும் நகரத்துக்குக் குடிபோன நாள். சாமானெல்லாம் வண்டியில் ஏற்றியாயிற்று. பழைய வீட்டில் இருக்கப்போகிறவனுக்குத்தான் மரப்பலகையில் வரைந்த அந்தக் குஸ்மான், தம்யான் படம் என்று மாமனார் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அந்தப் படத்தின் மேல் உங்களுக்கு எவ்வளவு ஆசை என்று எனக்குத் தெரியும், அதன் மேலிருக்கிற வெள்ளித் தகட்டை நீங்கள் துடைக்கிற விதத்திலேயே தெரியும். ஆனால் நீங்கள் அந்தப் பச்சைத் தலைக்குட்டையைக் கட்டி வண்டி மேல் உட்கார்ந்துகொண்டு ஊரே கேட்கச் சொன்னீர்கள்: "வைத்தியர்களை நீயே வச்சுக்கோ டோப்ரிலா. எங்களுக்கு எதுக்கு. கல்யாணமாகி இத்தனை வருஷம் வயிறு திறக்காத உனக்குத்தான் அவங்க தேவைப்படுவாங்க." வண்டிக்காரன்கூடத் தலையைக் குனிந்துகொண்டான். அடுத்த வருஷம் நெனாத் பிறந்தான். காசு வாங்காமல் வைத்தியம் பார்த்த அந்த அண்ணன் தம்பியைத்தான் நான் காலையும் இரவும் முத்தமிட்டுக்கொண்டிருந்தேன், அவர்கள் கைவிடவில்லை. நீங்கள் நகரத்துச் சந்தையில் ஒரு காகிதப் படம் வாங்கி மாட்டி, வீட்டுப் புனிதருக்கான ஸ்லாவாத் திருநாளன்று அதன் முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நல்லது.

இப்போது சொல்லுங்கள். வீட்டிலேயே வைத்தியர்கள் இருக்கும்போது, அவர்களைச் சுவரில் விட்டுவிட்டு வைத்தியத்துக்குப் போகிறவள் மனுஷியா. போர்கா முன்கூட்டியே போனில் தெளிவாகத்தான் சொன்னாள், அதை நான் மறுக்கவில்லை.

"டோப்ரிலாம்மா, உள்ள வர்றது எதுவும் வெளிய போகாது. உங்க வேர்வை, எச்சில் எல்லாத்துலயும் கதிர் வரும், தொட்டதுல எல்லாம் ஒட்டும். தூக்கிப் போடற மாதிரி பழைய உடுப்பு, பழைய செருப்பு, இவ்வளவுதான் கொண்டு வாங்க. மோதிரத்தக்கூட கழட்டி மகன்கிட்ட குடுத்துடுங்க."

மோதிரத்தைச் சோப்புப் போட்டுக் கழற்றிக் கொடுத்தேன். ஆனால் அவள் பொருள்களைப் பற்றித்தான் சொன்னாள். புனிதர்களை யாராவது பொருள் என்பார்களா. படம் ரொட்டித் தட்டு அளவுதான், உங்களுக்குத் தெரியும். அதைத் துண்டில் சுற்றி வயிற்றின் மேல் வைத்துக் கட்டி, மேலே கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டேன். துன்யாவைப் போல முதுகைப் பின்னால் சாய்த்து நடந்து போனேன். ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை, இந்த வயதில் வயிறு எப்படி இருந்தால் யாருக்கு என்ன.

மருந்தை ஒரு சின்னத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தார்கள். பெரிய ஈயக் குடுவைக்குள் ஒரு சின்னக் குடுவை. ஓக்னென் அதைத் திறப்பதற்குள் எனக்கு மூச்சு நின்றுவிட்டது. கோழிமுட்டை அளவில் ஏதோ நெருப்புத் துண்டு வரும் என்று பார்த்தால், ஒரு பீன்ஸ் கொட்டை.

"கையால தொடாதீங்க. அப்படியே வாய்ல சாய்ச்சு, தண்ணியக் குடிங்க."

"இதுதானா?"

"இதுதான்."

"இதுக்குத்தான் சுவரெல்லாம் ஈயம் வச்சிருக்கீங்களா?"

"முழுங்குங்கம்மா, அப்புறம் பேசலாம்."

"அப்புறம் நீ நிக்க மாட்டியே."

விழுங்கினேன். திரும்பிப் பார்த்தால் அவன் கதவுக்கு அந்தப் பக்கம் போயிருந்தான். படுத்துக்கொண்டு, எரியப்போகிறது என்று காத்திருந்தேன். எரியவில்லை. வலிக்கும் என்று காத்திருந்தேன், வலிக்கவும் இல்லை. தலைமுடி உதிரும் என்று ஸ்டோயான்கா சொல்லியிருந்தாள், இழுத்து இழுத்துப் பார்த்தேன், ஒன்றுகூட வரவில்லை. விளக்கை அணைத்துவிட்டுக் கையைப் பார்த்தேன், மின்னவும் இல்லை. இவ்வளவு பயந்தவளுக்கு இவ்வளவுதானா என்று ஒரு ஏமாற்றம்கூட வந்தது.

மறுநாள்தான் ஆரம்பித்தது. சாவியைச் சப்புகிற மாதிரி வாயில் ஓர் இரும்பு ருசி. வயிற்றைப் புரட்டியது, அதற்கு ஒரு மாத்திரை கொடுத்தார்கள், நின்றது. கன்னம் இரண்டும் வீங்கிக்கொண்டன. உமிழ்நீர் சுரக்கிற இடத்தில் மருந்து தங்கிவிடக்கூடாது என்று எலுமிச்சை மிட்டாயைச் சப்பச் சொன்னார்கள். தண்ணீர் குடிக்க வேண்டும், குடித்ததைக் கழிக்க வேண்டும், குளிக்க வேண்டும், திரும்பக் குடிக்க வேண்டும். என் வாழ்நாளில் நான் இவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை, இவ்வளவு அசுத்தமானவளாக நடத்தப்பட்டதும் இல்லை. போர்கா சுவரிலிருக்கிற ஒலிபெருக்கியில் வருவாள்.

"டோப்ரிலாம்மா, தண்ணி குடிச்சீங்களா?"

"குடிச்சேன்."

"எவ்வளவு?"

"வெளிய போய் மொராவா ஆத்துல பாரு, கொறஞ்சிருக்கும்."

"உக்காந்துதான போனீங்க? ரெண்டு தரம் தண்ணி விட்டீங்களா?"

"இதெல்லாம் என் புருஷனே என்னக் கேட்டதில்ல, போர்கா."

"உங்க புருஷனுக்கு இந்தக் குழாயெல்லாம் அளக்கற வேல இல்லியே."

வாயாடி. வேறு இடத்தில் பார்த்திருந்தால் எனக்குப் பிடித்திருக்கும். ஆனால் சாப்பாட்டுத் தட்டைக் கதவோரத்து மேசையில் வைத்துவிட்டு, நான் கட்டிலிலிருந்து எழுவதற்குள் போய்விடுவாள். அவளுக்கு நாள் முழுவதும் அங்கேதான் வேலை, என்னைப் போல எத்தனை பேர் பக்கத்தில் நிற்க முடியும், அது எனக்குப் புரிகிறது. புரிந்து என்ன பயன். மூன்றாம் நாள் தட்டைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். நாம் கல்லறைக்கு ரொட்டியும் கோழியும் கொண்டுபோய் வைத்துவிட்டு, இரண்டு வார்த்தை பேசிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வருவோமே. அங்கே கிடக்கிறவர்களுக்கு எப்படி இருக்கும் என்று அன்றைக்குத் தெரிந்தது. நெனாத் போன் செய்வான், "ரெஸ்ட் எடுங்கம்மா" என்பான். படுத்தே கிடக்கிறவளை ரெஸ்ட் எடு என்கிறான். அழுதேன் அக்கா. அழுத கண்ணீரிலும் கதிர் இருக்குமோ என்று தலையணைக்காகவும் சேர்த்து அழுதேன்.

பேச்சுத் துணைக்கு வைத்தியர்கள் மட்டும்தான். தலையணைக்கு அடியிலிருந்து எடுத்து ஜன்னல் மேல் சாய்த்து வைப்பேன். காலையில் முத்தம், இரவில் முத்தம், மருந்து விழுங்கினதற்கு ஒன்று, வயிறு புரட்டினதற்கு ஒன்று, போர்கா போன பிறகு ஒன்று. மூத்தவர் குஸ்மானுக்கும் கொடுத்தேன், குறை சொல்லக்கூடாது. ஆனால் தம்யான் இளையவர், என் தோமாவைப் போல. அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே கொடுத்தேன்.

இனி அந்த நாள். காலையில் ஓக்னென் வாசலில் நின்று கருவியை என் பக்கம் நீட்டினான், ஏதோ எண்ணைச் சொன்னான், வீட்டுக்குப் போகலாம் என்றான். குளித்தேன். உள்ளே போட்டிருந்த உடுப்பை அங்கேயே ஒரு பையில் விட்டுவிட வேண்டும் என்பதால், போட்டுக்கொண்டு வர என் கறுப்புப் பாவாடையை எடுத்து வா என்று யெலிட்சாவிடம் சொல்லியிருந்தேன். அவள் பிளாஸ்டிக் பையில் கொண்டுவந்தது நெனாத் பந்து விளையாடுகிற நீல நிற டிராக் சூட், முதுகில் ஒன்பதாம் நம்பரோடு. கறுப்பு நல்ல துணி, ஆஸ்பத்திரியில் எதற்கு அதைக் கெடுப்பானேன் என்றாளாம். ஒன்பதாம் நம்பரைப் போட்டுக்கொண்டு, அக்குளில் துண்டில் சுற்றிய வைத்தியர்களோடு நான் கதவைத் தாண்டினேன். கருவி அலறியது.

"அது என்னம்மா?" என்றான் ஓக்னென்.

"என்னன்னு கேக்காதே. யாருன்னு கேளு."

துண்டைப் பிரித்தான். சிலுவை போட்டுக்கொண்டான், அதுவரை வளர்ப்பு சரிதான். பிறகு அந்தக் கருவியைப் புனிதர்களின் முகத்துக்கு நேரே நீட்டினான். குஸ்மானிடம் முணுமுணுத்தது. தம்யானிடம் போனதும் அறுபடுகிற பன்றி மாதிரி கத்தியது.

"தினமும் முத்தம் குடுத்தீங்களா?"

"பின்ன, கை குலுக்குவாங்களா?"

"சின்னவருக்கு அதிகமாக் குடுத்திருக்கீங்க."

யெலிட்சா சிரித்தாள். அத்தனை பேர் முன்னால், என் பிரார்த்தனையை மீட்டர் வைத்து அளந்து சொல்லுகிறான், இவள் சிரிக்கிறாள். வெள்ளித் தகட்டைத் துடைத்துப் பார்த்தார்கள், கொஞ்சம் குறைந்தது. மரம் குடித்ததை யாரும் துடைக்க முடியாது என்றான் ஓக்னென். எட்டு நாளைக்கு ஒரு தரம் பாதியாகும், பாதியில் பாதியாகும், நவம்பர் ஆரம்பத்தில் ஒன்றும் மிச்சம் இருக்காது, அதுவரை பாதாள அறையில் ஈயப் பெட்டிக்குள் இருக்கட்டும் என்றான். நான் படத்தை விடவில்லை. அவனும் விடவில்லை.

"நவம்பர் பதினாலு எங்க ஸ்லாவா. வீட்டுப் புனிதர் இல்லாம ஸ்லாவாவா? வர்றவங்க எதுக்கு முன்னால சிலுவை போடுவாங்க, ஆணிக்கா?"

"எங்க வீட்லயும் ஸ்லாவா உண்டும்மா. எனக்குப் புரியாதா? ஆனா உங்க பேத்தி மாசமா இருக்காங்க. இதக் கொண்டுபோய்ச் சோத்து மேச மேல மாட்டச் சொல்றீங்களா?"

அப்போதுதான் நெனாத், என் சொந்த மகன், அந்த வைத்தியர்களால் பிறந்தவன், என் விரல்களை ஒவ்வொன்றாகப் படத்திலிருந்து பிரித்தான். "எங்கம்மா இப்படித்தான், மன்னிச்சுக்குங்க" என்று போர்காவிடம் வேறு சொன்னான்.

இதையெல்லாம் நாற்காலியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த அந்த ஸ்மில்யா பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். முகம் சுண்ணாம்பாக இருந்தது. வெளியே போகிற வழி எது என்று கண்ணால் தேடினாள். என்னைப் பார்த்து, "உள்ள ரொம்ப வலிக்குமா?" என்றாள். எனக்கிருந்த ஆத்திரத்தில் ஏதாவது சொல்லியிருப்பேன். ஆனால் அவள் உங்களைப் போலவே பையின் காதை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

"வலிக்காது. யாரும் தொடமாட்டாங்க, அது ஒண்ணுதான். நாலு நாள் யாரும் தொடமாட்டாங்க. மிட்டாய் நெறைய வாங்கிக்கோ."

அவள் உட்கார்ந்துவிட்டாள். நான் ஒன்பதாம் நம்பரோடு வெளியே வந்தேன். கார் நிறுத்துகிற இடத்தில் அந்தக் கோடியில் துன்யா நின்றுகொண்டிருந்தாள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் சில வாரத்துக்கு என்னருகே வரக்கூடாது. அவள் கையைத் தூக்கினாள், நானும் தூக்கினேன். பார்க்கும்போதெல்லாம் மூன்று முத்தம் கொடுத்து வளர்த்த பிள்ளைக்கு, ரயிலுக்குக் கொடி காட்டுகிற மாதிரி கையைக் காட்டினேன். அவள் வேறு காரில் போனாள், நான் பின்சீட்டின் மூலையில் நெனாத்தின் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

வீட்டில் என்னை முற்றத்துக் கோடைச் சமையலறையில் படுக்க வைத்தார்கள். தனிக் கட்டில், தனித் தட்டு, தனித் துண்டு. ஊரார் வேலியோரம் வந்து எட்டிப் பார்த்தார்கள். பகலில் தெரியாது, இரவில் வாருங்கள் என்று சொல்லியனுப்பினேன், சிலர் வந்தார்கள். இப்போது பெரிய வீட்டுக்குள் போகலாம், ஆனால் எங்கே போவது. கிழக்குச் சுவரில் படம் இருந்த இடம் மட்டும் வெளுத்து நிற்கிறது, நடுவில் ஆணி. காலையில் எழுந்து பழக்கத்தில் அங்கே போய்விடுகிறேன், வாயைக் கொண்டுபோன பிறகுதான் சுவர் என்று தெரிகிறது. யெலிட்சா முற்றத்தில் சிவப்பு மிளகாய் சுட்டு உரித்து ஐவார்த் தொக்கு கிண்டுகிறாள், ஊரெல்லாம் மணக்கிறது, என் வாயில் காகிதம் மாதிரி இருக்கிறது. தண்ணீர் இல்லாமல் ரொட்டி இறங்குவதில்லை. நாலு படி ஏறினால் உட்கார வேண்டியிருக்கிறது. என்னை அடக்கம் செய்யும்போது போட வேண்டிய கறுப்புத் துணியைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் போடச் சொல்லிவிட்டேன். பெட்டிக்குள் கிடக்கிற வைத்தியர்கள் எனக்கு என்ன செய்ய முடியும். நான் இந்த ஸ்லாவாவைப் பார்ப்பேன் என்று எனக்குத் தோன்றவில்லை. வேகவைத்துப் படைக்க வேண்டிய கோதுமையை இப்போதே பொறுக்கி வைத்துவிடு, ஸ்லாவாவுக்கு ஆகாவிட்டால் என் காரியத்துக்கு ஆகும் என்று யெலிட்சாவிடம் சொன்னேன். பொறுக்கிவிட்டாள், கேட்டதும்.

ஆகவே அக்கா, அங்கே போனால் என்ன நடக்கும் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: போகிறபோது உங்களிடம் இருப்பதையெல்லாம் பிடுங்கிக்கொண்டு, ஒன்பதாம் நம்பரைப் போட்டு அனுப்புவார்கள்.

உங்கள் மகனுக்கும் மருமகளுக்கும் என் ஆசிகள். பேரன்கள் நீண்ட ஆயுளோடு இருக்கட்டும், அவர்கள் மூக்கு உங்கள் பக்கத்து மூக்காக ஆகாமலிருக்கட்டும். உங்கள் காகிதப் படத்துக்கும் என் வணக்கம்.

தோமாவின் மனைவி,
டோப்ரிலா

பின்குறிப்பு: நான் சாகப்போவதாக மேலே எழுதியிருப்பதை அடித்துவிடுங்கள். ஆஸ்பத்திரியில் எடுத்த உடம்புப் படத்தின் முடிவு வந்து இரண்டு வாரம் ஆகிறது. வேறெங்கும் பரவவில்லை, கழுத்தில் ஒட்டிக்கொண்டிருந்த மிச்சத்தை அந்த பீன்ஸ் கொட்டை தின்றுகொண்டிருக்கிறதாம். இனி அவ்வப்போது ரத்தம் எடுத்துப் பார்த்தால் போதுமாம். இதை மேலேயே சொல்லியிருந்தால் மீதியை நீங்கள் இரக்கமில்லாமல் படித்திருப்பீர்கள். வாயும் சரியாகி வருகிறது, நேற்று ஐவாரில் உப்பு அதிகம் என்று கண்டுபிடித்தேன். துன்யா போன ஞாயிற்றுக்கிழமை வந்து, என் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்தாள். உள்ளே இருக்கிறவன் உதைத்தான், நம் வீட்டுப் பிள்ளைதான்.

இன்னொன்று. நேற்று போர்காவுக்குப் போன் செய்தேன்.

"வைத்தியர்கள யார் வந்து கேட்டாலும் குடுக்காதே. நெனாத் வந்தாலும் சரி, பாதிரியார் வந்தாலும் சரி. நவம்பர்ல விடோசாவான்னு ஒருத்தி அந்த அறைக்கு வருவா. அவ வெளிய வர்ற அன்னிக்கு அவ கையில மட்டும் குடு."

"அப்படி ஒரு விதி இங்க இல்லியே, டோப்ரிலாம்மா."

"இப்ப இருக்கு."

"அவங்க வரலேன்னா?"

"வரலேன்னா பெட்டியிலயே கெடக்கட்டும். நான் ஆணிக்கு முன்னால மெழுகுவத்தி ஏத்திக்கறேன்."

அவள் ஓக்னெனைக் கேட்டுவிட்டு வந்து, சரி என்றாள். ஆகவே வைத்தியர்கள் அங்கே உங்களுக்காகக் காத்திருக்கிறார்கள். யாருக்கு அவர்கள் தேவைப்படுவார்கள் என்று அன்றைக்கு வண்டி மேல் உட்கார்ந்து சொன்னீர்களே, அதைத் திருத்திக்கொள்ளுங்கள். ஸ்லாவாவன்று நீங்களே கொண்டுவந்து ஆணியில் மாட்டுங்கள். அப்போதும் உங்கள் உடம்பில் கொஞ்சம் கதிர் இருக்கும். நீள மேசையின் அந்தக் கோடியில் உங்களுக்குத் தனித் தட்டும் தனிக் கரண்டியும் போடச் சொல்லியிருக்கிறேன், இந்தக் கோடியில் நான். நமக்குள் எப்போதும் இருக்கிற தூரம்தான், டாக்டருக்கும் திருப்தியாக இருக்கும். துன்யாவைப் பக்கத்து அறையில் உட்கார வைக்கிறோம். கறுப்புத் துணி நன்றாகக் காய்ந்திருக்கிறது, அன்றைக்கு அதைத்தான் கட்டப்போகிறேன். நீங்கள் அந்தப் பச்சைத் தலைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வந்தாலும் ஒன்றும் சொல்ல மாட்டேன். அறைக்குள் மட்டும் அதைக் கொண்டுபோகாதீர்கள், திரும்பி வராது.

அன்று அங்கே இருந்தவர்கள் எல்லோரையும் நினைத்துப் பார்த்தேன். நெனாத்தை மன்னித்துவிட்டேன், அவன் விரலைப் பிரித்தது துன்யாவுக்காக. யெலிட்சா சிரித்ததை மன்னித்துவிட்டேன், கோதுமை பொறுக்கியதை இன்னும் யோசிக்கிறேன். போர்காவின் மேலும் ஓக்னெனின் மேலும் ஒன்றும் இல்லை. ஸ்மில்யா வீடு திரும்பிவிட்டாளாம், மிட்டாய் போதவில்லையாம். தோமா போய்விட்டார், ராடிசா அத்தான் போய்விட்டார், வண்டிக்காரனும் போய்விட்டான். அந்தப் பச்சைத் தலைக்குட்டை யாருக்கும் ஞாபகமில்லை, நம் இருவரைத் தவிர. காலையில் கோழிக்குத் தீனி போடும்போது நினைத்துக்கொள்ள எனக்கு ஓர் ஆள் வேண்டும், உயிரோடு இருக்கிற ஆள். அந்த ஆளை நான் மன்னிக்கப்போவதில்லை. வந்து மேசையில் உட்கார்ந்தாலும் மாட்டேன், வராமல் உங்கள் கட்டிலிலேயே செத்தால் அங்கேயும் வந்து மாட்டேன். ராடிசாவின் மனைவி விடோசாவாவை.